அடுப்பைக் காட்டு, ஊர் நம்பும்!

ஒரு செல்போன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு கிராமம். "ஏங்க..." என்று வாய் நிறையக் கூப்பிடும் ஓர் இளைஞர். 2025 ஜூன் மாதத்தில் கூமாப்பட்டி எங்கே இருக்கிறது என்று தமிழ்நாடே தேடியது இந்த மூன்றால்தான். விளம்பரக் கம்பெனி கிடையாது. சினிமா நடிகர் கிடையாது. சென்னையிலிருந்து வந்து இறங்கிய படப்பிடிப்புக் குழுவும் கிடையாது. சொந்த ஊரின் மேல் தீராத ஆசை ஒன்று இருந்தது. அதைச் சொல்லக் கூச்சப்படாத நாக்கு ஒன்று இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒரு பெயர், சில நாட்களில் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கடல் தாண்டிய தமிழர் வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது.

தம்பி, இதை ஊர்ப் பெருமை என்று பேசி முடித்துவிடாதே. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். அந்த ரீல்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்ததற்கு விரலைத் தள்ளினாயே, அந்த நொடியில் உன் கையில் இருந்தது எப்பேர்ப்பட்ட சக்தி என்று யோசித்தாயா? அதே போன்தான் உன் சட்டைப் பையிலும் கிடக்கிறது. உன் குடும்பத்துக்கு ஒரு தொழில் இருக்கிறது. பால்கோவா அடுப்போ, பேண்டேஜ் துணி ஓடும் தறியோ, தென்னந்தோப்போ, நைட்டி தைக்கும் பட்டறையோ, ஏதோ ஒன்று. அந்தத் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் நீ உலகத்துக்குப் பேசியிருக்கிறாயா? ஏன் பேசவில்லை?

பேசுவதற்கு முன்னால், கூமாப்பட்டியில் அடுத்து என்ன நடந்தது என்பதையும் நெஞ்சில் நிறுத்து. வீடியோவைப் பார்த்துவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் கார் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பிளவக்கல் அணைக்குப் போனார்கள். பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள். இரண்டுமே பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. அணைக்குள் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. அணையை ஒட்டிய பூங்காவோ வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வர்ணனையில் கேட்ட சொர்க்கத்தைத் தேடி வந்தவர்களில் பலர், நேரில் பார்த்ததும் முகம் சுருங்கித் திரும்பினார்கள். ஆனாலும் அந்த ஒற்றைக் குரல் வீண்போகவில்லை. அந்தப் பூங்காவை மேம்படுத்த அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. எத்தனையோ மனுக்கள் நகர்த்தாத கல்லை ஒரு பையனின் செல்போன் நகர்த்தியது!

இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. உன் குரல் ஊரைக் கூட்டும். இனிமேல் அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஊரைக் கூட்டிய பிறகு காட்டுவதற்கு உண்மையான சரக்கு உன்னிடம் இருந்தாக வேண்டும். அதில் துளியும் சமரசம் வேண்டாம். கூட்டம் ஒரு நாளில் வரும். நம்பிக்கை அப்படி வராது. ஆனால் வந்துவிட்டால் பேரன் காலம் வரைக்கும் சோறு போடும்.

"நம்ம மூஞ்சியை யாருண்ணே பார்ப்பா?" என்று கேட்பாய். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே நம் பக்கத்துத் தொழில்கள் பாதி அமுங்கிக் கிடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த வசந்தகுமார் விற்பனையாளராக வேலை பார்த்துவிட்டு 1978-இல் சொந்தக் கடை போட்டார். பிற்பாடு தன் விளம்பரத்தில் தானே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. தவணையில் டிவி வாங்கிய நம் அத்தைமாருக்குக் கம்பெனிப் பெயரை விட அந்தச் சிரிப்புத்தான் உறுதிமொழி. 'ஒன்று ஆகிப்போனால் இந்த மனுசனைப் போய்க் கேட்கலாம்' என்ற தைரியம் அது. முகத்தை ஒளித்து வைத்திருப்பவனிடம் யார் போய்க் கேட்பது?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைப் பார். ஒரு தாத்தாவும் பேரன்மார்களும் வயல்காட்டில் அடுப்புக் கூட்டிச் சமைத்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. அவர்கள் யாரும் பேச்சுப் பயிற்சிக்குப் போனவர்கள் இல்லை. மஞ்சள் என்று சொல்லும்போது மஞ்சள் தெரிந்தது. ஆட்டுரலில் அரைக்கும்போது ஆட்டுரல் சத்தம் கேட்டது. சமைத்த சோற்றை யார் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கடைசியில் காட்டினார்கள். கண்ணுக்கு எதிரே எல்லாம் நடக்கும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது? பேச வராது என்று சொல்லாதே தம்பி. உன் கடை வாசலில் வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கப் பேசுகிறாய். அந்தப் பேச்சுப் போதும்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வா. தெருவுக்குத் தெரு பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் என்ன நடக்கிறது? பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு, நெடுஞ்சாலை டீக்கடைக்கு டீக்கடை, எங்கேயோ கிண்டிய ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர் ஒட்டி விற்கிறது. வாங்கித் தின்றவன் வாயில் மாவு ஒட்டுகிறது. 'இதுக்கா இவ்வளவு பேரு?' என்று உதட்டைப் பிதுக்குகிறான். பழி யார் தலையில் விழுகிறது? விடியற்காலையில் எழுந்து விறகடுப்பு மூட்டும் உன் அப்பா தலையில்!

லேபிளை எவனும் அச்சடித்துக்கொள்ளலாம். உன் அடுப்பை எவனாலும் அச்சடிக்க முடியாது. அந்த அடுப்படிக்குக் கேமராவைக் கொண்டு போ.

கறந்த பால் வந்து இறங்குவதைக் காட்டு. பெரிய சட்டியில் ஊற்றும்போது எழும் நுரையைக் காட்டு. பொங்கி வரும் பாலை அடக்கிக்கொண்டு, கிளறும் கை ஒரு கணமும் நிற்காமல் சுற்றுவதைக் காட்டு. வேர்வையைத் துடைக்கக்கூட அந்தக் கை துடுப்பை விடாது. தோளில் கிடக்கும் துண்டில் முகத்தைச் சாய்த்துத் துடைத்துக்கொள்வார்கள். வெள்ளை நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தன நிறத்துக்கு இறங்கும். சர்க்கரை விழுந்ததும் ஒருமுறை இளகும். பிறகு இறுகும். அடி பிடிக்கவிடாமல் சுரண்டிச் சுரண்டி, ஓரம் விட்டுத் திரண்டு வரும் பதத்தில் தணலை இழுத்துப் போடுவார் உன் அப்பா. அந்தப் பதம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அவர் கண்ணில் இருக்கிறது. "எப்படிப்பா தெரியுது?" என்று கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேள். அவர் கொஞ்சம் யோசித்து, சிரித்து, ஏதோ ஒரு பதில் சொல்வார். அந்தப் பதில்தான் உன் விளம்பரம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சட்டியில் விழவில்லை என்பதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தவனுக்கு, நீ தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை.

பாலைப் பற்றிப் பேசும்போது குஜராத்தை விட்டுவிட முடியாது. 1976-இல் ஷியாம் பெனகல் 'மந்தன்' என்று ஒரு படம் எடுத்தார். பணம் போட்டது எந்தச் சேட்டும் இல்லை. பால் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பத்து லட்சம் ரூபாயில் படம் முடிந்தது. அதன் பின்னால் நின்றவர் டாக்டர் வர்கீஸ் குரியன், நம் நாட்டின் பால் உற்பத்தியைத் தலைகீழாக மாற்றிக் காட்டிய மனிதர். படம் வந்ததும் பணம் போட்ட விவசாயிகள் லாரி லாரியாக ஏறி வந்து, தாங்கள் தயாரித்த படத்தைத் தாங்களே டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டிய கிராமங்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் கொண்டு போய்த் திரையிட்டார் குரியன்.

கவனி. அந்தப் படத்தில் எல்லாம் நல்லபடியாக நடப்பதாகக் காட்டவில்லை. ஊருக்குள் சாதிச் சண்டை வருகிறது. ஊர்த் தலைவனும் பால் வியாபாரியும் குறுக்கே நிற்கிறார்கள். சங்கம் அமைக்க வந்த டாக்டரையே வேலையை முடிக்கவிடாமல் மாற்றல் போட்டு அனுப்புகிறார்கள். தங்கள் சொந்தப் பணத்தில் எடுத்த படத்தில் தங்கள் ஊரின் அழுக்கையும் காட்ட அந்த விவசாயிகளுக்கு நெஞ்சுரம் இருந்தது. அதனால்தான் இன்னொரு கிராமத்து விவசாயி அந்தப் படத்தைப் பார்த்து 'இது நம்ம கதை' என்று நம்பினான். மாலையும் மேளமுமாகக் காட்டியிருந்தால் சர்க்கார் படம் என்று எழுந்து போயிருப்பான். கையில் இரண்டு ரூபாய் வைத்திருந்த பால்காரனுக்கு ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இருந்த துணிச்சல், லட்ச ரூபாய் ஜிஎஸ்டி கட்டும் உனக்கு இருக்க வேண்டாமா?

"என் சரக்கு கடைச் சரக்கு இல்லண்ணே, கம்பெனிக்குப் போறது. எனக்கு எதுக்கு வீடியோ?" என்று ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். உனக்குத்தான் ரொம்பத் தேவை! சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேருகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் காயத்தைக் கட்டுகிறது. அந்த ஆஸ்பத்திரிக்குத் துணி வாங்கித் தரும் அதிகாரி உன் ஊரைப் பார்த்ததில்லை. உன் மின்னஞ்சலில் இருக்கும் விலைப்பட்டியலும், உன்னைப் போலவே இன்னும் பத்துப் பேர் அனுப்பிய விலைப்பட்டியலும் அவர் முன்னால் கிடக்கின்றன. காலணா குறைத்தவனுக்கு ஆர்டர் போகிறது. நீயும் காலணா குறைக்கிறாய். அவன் அரைக்காலணா குறைக்கிறான். இப்படியே குறைத்துக் குறைத்து எங்கே போய் நிற்பாய்?

விலையைக் குறைக்காதே. தறிக்கொட்டகைக் கதவைத் திற. விசைத்தறி ஓடும் சத்தம் காது கிழிகிறதா, அப்படியே இருக்கட்டும். அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடாதே. நூல் வந்து இறங்கும் இடம், பாவு ஏறும் இடம், வலை போலத் துணி இறங்கும் இடம், வெளுப்புத் தொட்டி, வெயிலில் காயும் வெள்ளைப் பரப்பு, சுருட்டி வெட்டிக் கட்டும் மேஜை என்று சரக்கு போகும் வழியிலேயே நீயும் கேமராவோடு நடந்து போ. வெட்டும் அக்காவின் விரலுக்குப் பக்கத்தில் போய் நில். எத்தனை இழை இருக்கிறது என்று துணியின் மேல் லென்ஸை வைத்து எண்ணிக் காட்டு. கழித்துப் போட்ட துணிக் குவியலையும் காட்டு. 'இதை நாங்கள் அனுப்பமாட்டோம்' என்று அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று சொல். என் கணிப்பில் ஒரு தொழிற்கூடத்தைப் பற்றிய வீடியோவில் மிக வலுவான காட்சி அதுதான். ஆயிரம் தரச் சான்றிதழ்கள் செய்யாத வேலையை அந்தக் கழிவுக் குவியல் செய்யும்.

மில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் ராஜபாளையம். இந்த வட்டாரத்து மில்களுக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு ஓயாமல் கேட்கிறது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு வேலை வாங்கிய கதைகள் ஊரெல்லாம் பரவி, நேர்மையாக நடத்தும் மில்களின் மேலும் நிழல் விழுந்துவிட்டது. வேறு மாவட்டத்திலிருந்து மகளை அனுப்பப்போகும் ஒரு தாய்க்கு உங்கள் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் எதற்கு? முதலாளி கோட்டுப் போட்டுக் கைகட்டி நிற்கும் படம் எதற்கு? அவள் பார்க்க நினைப்பது விடுதி அறையின் கதவு உள்பக்கம் தாழிடும்படி இருக்கிறதா என்பதை. குளியலறையில் தண்ணீர் வருகிறதா என்பதை. மகள் நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போன் பேச முடியுமா என்பதை. இரவு ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைக்குச் சோறு சூடாகக் கிடைக்குமா என்பதை. இவற்றைக் காட்டுங்கள். மேலாளர் பேச வேண்டாம். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்கள், யாரும் எழுதிக் கொடுக்காமல், பேசட்டும். காட்டத் தயங்கும்படி விடுதி இருக்கிறதென்றால் கேமராவை வைத்துவிட்டு முதலில் விடுதியைச் சரிசெய்யுங்கள். கேமராவின் பெரிய உபகாரமே அதுதான். நாளைக்கு நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் இன்றைக்கே நாம் கூட்டிப் பெருக்கத் தொடங்கிவிடுவோம்.

தவறு நடந்துவிட்டால்? நடக்கும். தொழில் என்றால் ஒருநாள் பால் திரியும், ஒரு சுருள் துணி அழுக்காகப் போகும், ஒரு பார்சல் உடைந்து சேரும். அன்றைக்குத்தான் உன் நெஞ்சுரம் தெரியும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா கடை ஒன்றில் இரண்டு ஊழியர்கள் உணவை அசிங்கப்படுத்துவதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டார்கள். உலகம் முழுக்க நாறியது. நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் பேட்ரிக் டாயில் வக்கீல்களுக்குப் பின்னால் ஒளியவில்லை. அதே யூடியூபில் வந்து மன்னிப்புக் கேட்டார், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சொன்னார். அந்த வருடக் கடைசியில் அதையும் தாண்டிப் போனார்கள். 'உங்கள் பீட்சா அட்டையைத் தின்பது போல இருக்கிறது' என்று வாடிக்கையாளர்கள் திட்டியதையே விளம்பரத்தில் காட்டி, செய்முறையையே மாற்றிவிட்டோம், வந்து தின்று பாருங்கள் என்று அழைத்தார்கள். வியாபாரம் சரியவில்லை, எழுந்தது.

நீ என்ன செய்கிறாய்? யாரோ ஒருவர் 'போன வாரம் வாங்கியது புளித்துவிட்டது' என்று எழுதினால் உடனே அந்தக் கருத்தை அழித்துவிடுகிறாய். அழிக்காதே! பதில் போடு. எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று கேள். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது புதுச் சரக்கு அனுப்பு. அடுத்த வீடியோவில் அதைச் சொல். 'வெயில் காலத்தில் பார்சலில் போனது கெட்டுவிட்டது, இனிமேல் இத்தனை நாளில் சேராத ஊருக்கு அனுப்பமாட்டோம்' என்று நிமிர்ந்து நின்று சொல். உன்னை நம்பாமல் இருந்த நூறு பேர் அந்த ஒரு பேச்சில் உன் பக்கம் திரும்புவார்கள்.

பொய் மட்டும் சொல்லாதே. கைகூப்பிக் கேட்கிறேன். ஆர்வத்தில் நாக்கு நீளும். தேங்காயெண்ணெய்க்கு வழுக்கையில் முடி முளைக்கும் என்று வரும், மலைத்தேன் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று வரும், ஊர்த் தண்ணீர் குடித்தால் எல்லா வியாதியும் ஓடும் என்று வரும். சட்டம் ஒருபுறம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பெரிய யானைகளே சரிந்திருக்கின்றன. மருந்து விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்ற பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் செய்தித்தாள்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டது. விளம்பரம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவு பெரிதாக மன்னிப்பும் இருக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். சட்டத்தை விடு. மலையடிவாரத்து ஊரில் ஒருவன் பொய் சொன்னால் அந்த வட்டாரமே பொய் சொன்னதாகப் பேராகிவிடும். உன் ஒரு பொய், பக்கத்துத் தோப்புக்காரனின் நல்ல தேங்காயையும் சேர்த்து அழுகவைக்கும்.

உண்மையே போதும் தம்பி, அதுவே வேண்டிய மட்டும் கிடக்கிறது. கூமாப்பட்டித் தோப்புகளில் இளநீர் வெட்டும் லாவகத்தைப் பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்கும் பஞ்சவர்ணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வாழ்நாளை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அறுத்துக் காட்டு, நாரைக் காட்டு, கொட்டையைக் காட்டு. தளவாய்புரத்தில் தைத்த நைட்டியை எந்த ஊர்க் கடையிலோ வாங்கி உடுத்தும் பெண்ணுக்கு, அதைத் தைத்தவள் யார் என்று தெரியாது. தைத்தவளே பேசட்டும்: இந்த மடிப்பு ஏன் இரட்டைத் தையல், இந்தத் துணி முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும் என்று. சுருங்கும் என்று நீயே முன்கூட்டிச் சொன்னால் வாங்குபவள் ஒரு அளவு பெரிதாக எடுப்பாள்; உன் மேல் கோபப்படமாட்டாள். மறைத்தால் ஒருமுறைதான் வாங்குவாள்.

எடுக்கும் முறையைப் பற்றிப் பயப்படாதே. லென்ஸை வேட்டி நுனியால் துடை; பாதிப் பேர் எண்ணெய்க் கையோடு எடுத்துவிட்டுப் போன் சரியில்லை என்கிறார்கள். வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து நில், சன்னலுக்கு முதுகு காட்டாதே. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே சட்டைக் காலரில் குத்தும் மைக் ஒன்று வாங்கு. அது ஒன்றுதான் கட்டாயச் செலவு. எழுதி வைத்து ஒப்பிக்காதே. சென்னைத் தமிழ் பேச முயலாதே. 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று நீ பேசும் பேச்சுக்கே ஒரு மரியாதை உண்டு என்பதை கூமாப்பட்டிப் பையன் ஒருவன் நாட்டுக்கே காட்டிவிட்டான். சாப்பிடும் பொருள் விற்கிறாய் என்றால் உன் 14 இலக்க உணவு உரிம எண் கண்ணில் படும்படி கடைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் நின்று பேசு. வாடிக்கையாளரைப் படம் எடுக்கும்போது அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள். காசு கொடுத்துப் புகழச் சொல்லாதே. பார்ப்பவனுக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மனசு உடையாதே. முதல் வீடியோவை உன் மாமாவும் சித்தியும் மட்டும் பார்ப்பார்கள். இருக்கட்டும். லட்சம் பேர் பார்த்து ஒருவனும் வாங்காத வீடியோ எத்தனையோ இருக்கிறது. நாற்பது பேர் பார்த்து, அதில் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு உன்னிடம் பால்கோவா சொன்னால், நீ ஜெயித்தவன். வாரம் ஒன்று போடு. மழை பெய்தாலும் போடு, வியாபாரம் மந்தமாக இருந்தாலும் போடு, 'இந்த வாரம் பால் வரத்துக் குறைவு, சரக்கும் குறைவு' என்றாவது சொல்லிப் போடு. ஒரு மனுசனைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் அவன் மேல் பிடிப்பு உண்டாகிறது. ஒரே நாளில் பத்து வீடியோ போட்டுவிட்டு ஆறு மாதம் காணாமல் போனவனை யாரும் தேடமாட்டார்கள்.

பெரிய கம்பெனிகள் கோடி கொட்டி எடுக்கும் படங்களைப் பார்த்து நீ குறுகிப் போக ஒரு காரணமும் இல்லை. அவர்கள் படத்தில் வாடகைக்கு வந்த விவசாயி நிற்பான், செட் போட்ட சமையலறை மினுமினுக்கும். உன்னிடம் இருப்பது நிஜமான அப்பா, நிஜமான அடுப்பு, நிஜமான புகை. அவர்கள் எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாததை நீ பிறக்கும்போதே கையில் வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சப்பட்டுக் கடைக்குள் உட்கார்ந்திருப்பதா? எழுந்திரு!

முதல் வீடியோவில் என்ன பேசுவது என்றுதானே யோசிக்கிறாய்? உன் பெயரைச் சொல். அப்பா அம்மா பெயரைச் சொல். கடை எந்தத் தெருவில், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்று சொல். என்ன செய்கிறீர்கள், அதில் என்னென்ன சேர்க்கிறீர்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எத்தனை மணிக்குக் கடை திறக்கும், எந்தக் கிழமை லீவு என்று சொல். கிலோ என்ன விலை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல். வெட்டி ஒட்டாதே, தடுமாறிய இடம் தடுமாறியபடியே இருக்கட்டும். ஒருமுறை போட்டுப் பார், நீ சொன்னது அத்தனையும் நாளைக்குக் கடைக்கு வருபவர் கண்ணால் பார்க்கப் போவதுதானா என்று சரிபார். ஆம் என்றால், இன்று ராத்திரியே அனுப்பு.